என்ன தப்புச் செய்தான்?

“பட்டாளத்தான் வந்துவிட்டானாமே, தெரியுமா?”

“லீவிலா?”

“லீவு இல்லையாம். ஒரேயடியாக அனுப்பிவிட்டார்களாம்.”

“இன்னும் பதினைந்து வருஷம் ஆகவில்லையே! எட்டோ ஒன்பதோதானே ஆகிறது? ஏன் அனுப்பினார்கள்? என்ன தப்புச் செய்தானாம்?”

தேநீர்க் கடைப் பலகையிலே பிறக்கிறது இந்தக் கேள்வி. குழாயடியிலே வளருகிறது. சாவடியிலே கைகால் முளைக்கிறது. கடைசியில், எவனைப் பற்றிய கேள்வியோ அவன் உட்கார்ந்திருக்கும் திண்ணைக்கே வந்து சேருகிறது. அவன் காதிலும் விழுகிறது. பதில் சொல்ல வாயெடுக்கிறான், வரவில்லை. ‘எனக்கு வலிப்பு வருகிறது, ஆகவே வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள்’ என்று ஊர் கூடிய இடத்திலே எப்படிச் சொல்வான்? தலையைக் குனிந்துகொள்கிறான். அந்தக் குனிந்த தலையைப் பார்த்துவிட்டு, “பார்த்தாயா, நான் சொல்லவில்லை? ஏதோ தப்புத்தான்!” என்று ஊர் தீர்ப்பெழுதிவிடுகிறது.

தோழர்களே! இவன் யார், எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்க வேண்டாம். ஒருவனல்லன். கண்டவர், கேட்டவர் பலரைச் சேர்த்து நாம் வரைந்துகொண்ட உருவம். பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிப் பழகிய மாவட்டங்களிலே தேடினால் இவனைக் காணலாம். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே சுற்றுவட்டாரம் அழைக்கிறது. தலைமுறை தலைமுறையாக அங்கே பட்டாளம் போகிறவர் உண்டு. அதுபோன்ற ஊர்களிலே, பணிக்காலம் முடித்து மீசை நரைத்துத் திரும்புகிறவரை வரவேற்கத் தெரியும். பாதியிலே, உடல் கெட்டுத் திரும்புகிறவனை எப்படி வரவேற்பது என்பது மட்டும் நம்மில் யாருக்கும் தெரிவதில்லை. அதைப்பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறோம்.

போனதும் வந்ததும்

போன அன்று எப்படிப் போனான்? கறுப்பு டிரங்குப் பெட்டி. அதன்மேல் வெள்ளை எழுத்தில் அவன் எண்ணும் பெயரும். பெற்றவள் கண்ணீரிலே பெருமையும் கலந்திருந்தது. மாதாமாதம் பணம் வந்தது. கூரை, ஓடாயிற்று. தங்கைக்குத் திருமணம் நடந்தது. “என் பிள்ளை பட்டாளத்திலே” என்று தகப்பனார் சொல்லும்போது, துண்டு தோளிலே இருந்ததே தவிர இடுப்புக்கு இறங்கவில்லை.

வந்த அன்று? அதே டிரங்குப் பெட்டிதான். ஆனால் மாலை நேரத்து வண்டியிலே வந்து, இருட்டிய பிறகு, கொல்லைப்புறமாக வீட்டுக்குள் நுழைந்தான். திருடிவிட்டா வந்தான்? இல்லை. தேய்ந்துவிட்டு வந்தான். தேய்ந்ததற்கு வெட்கப்பட வேண்டியவன் அவனா?

விடியற்காலை ஐந்து மணிக்குக் கண் விழிக்கிறது. ஒன்பது ஆண்டுப் பழக்கம். முகம் மழிக்கிறான். பூட்ஸுக்கு மெருகு போடுகிறான். பிறகுதான் நினைவுக்கு வருகிறது, போவதற்கு இடமில்லை என்பது. ‘ஓடு’ என்றால் ஓடி, ‘நில்’ என்றால் நின்று, உண்ண ஒரு மணி, உறங்க ஒரு மணி என்று வாழ்ந்தவனுக்கு முன்னே, எல்லையில்லாத ஒரு பகற்பொழுது கிடக்கிறது. காலை இழந்தவனுக்குக் கோல் கொடுக்கிறோம். பொழுதையே இழந்தவனுக்கு எதைக் கொடுக்கிறோம்? “கொஞ்சம் ஓய்வெடு தம்பி” என்ற சொல்லைக் கொடுக்கிறோம்! அவனுக்கு நஞ்சே அந்த ஓய்வுதான்.

காயமும் நோயும்

குண்டடி பட்டுக் காலை இழந்து வந்தால், ஊர் மாலை போடுகிறது, புகைப்படம் எடுக்கிறது. நோயோடு வந்தால் முகம் சுளிக்கிறது. இரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு, காது கேளாமை, முதுகெலும்புத் தேய்வு, மனநோய் — இவற்றுக்கெல்லாம் தழும்பு இல்லை. தழும்பு இல்லாத இடத்திலே தியாகமும் இல்லை என்பது ஊராரின் கணக்கு.

அந்தக் கணக்கு தவறு என்பதற்குச் சியாச்சினே சாட்சி. 1984 ஏப்ரல் 13ஆம் நாள் நமது படைகள் அந்தப் பனிமலையிலே கால் வைத்தன. அன்றுமுதல் அங்கே எதிரியின் குண்டுக்கு இரையானவர்களைவிடப் பனிக்கும் பனிச்சரிவுக்கும் மெலிந்த காற்றுக்கும் இரையானவர்களே அதிகம். விரல் கருகுகிறது, நுரையீரலிலே நீர் கோக்கிறது, இரத்தம் உறைகிறது. சுட்டவன் யாருமில்லை. ஆனால் அடிபட்டவன் இருக்கிறானே! அவனைப் பார்த்து “உனக்குத்தான் குண்டு படவில்லையே” என்று கேட்கலாமா?

இந்த மனக்கோணல் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்திலே, பட்டாள உடை அணியாத வாலிபரைத் தெருவில் கண்டால், ‘நீ கோழை’ என்பதற்கு அடையாளமாக வெள்ளை இறகைக் கையிலே திணித்தனர் சில பெண்கள். போருக்குப் போய், அடிபட்டோ நோயுற்றோ விடுவிக்கப்பட்டு வந்தவர்களுக்கும் கிடைத்தது அந்த இறகு! பிரிட்டிஷ் சர்க்கார் 1916 செப்டம்பரிலே ஒரு வெள்ளிச் சின்னம் செய்து கொடுத்தது. வட்ட வடிவம்; ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்; ‘பணி ஆற்றியவர்’ என்ற கருத்துடைய வாசகம். சாதாரணச் சட்டையிலே குத்திக்கொண்டு தெருவில் நடக்கலாம். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அது தரப்பட்டது.

எண்ணிப் பாருங்கள். போர்க்களத்துக்கு வேண்டிய துப்பாக்கியையும் தோட்டாவையும் செய்த அதே சர்க்கார், சொந்த ஊர்த் தெருவிலே நடமாட ஒரு கேடயமும் செய்து தர வேண்டியிருந்தது! நம் ஊரிலே அந்தச் சின்னம் இல்லை. சின்னம் இல்லாத இடத்திலே, சின்னமாக நிற்க வேண்டியவர்கள் நாம்.

அளந்து எடுத்தவர் யார்?

“அவன் உடம்பு அப்படி. பிறவியிலேயே பலவீனம். அதற்குப் பட்டாளம் என்ன செய்யும்?” என்று சொல்லத் துணிகிறவர்களும் உண்டு. திண்ணையிலே மட்டுமல்ல, கோப்புகளிலேயும் இந்த வாதம் எழுதப்பட்டிருக்கிறது. ‘நோய் பணியால் விளைந்ததுமல்ல, பணியால் மோசமடைந்ததுமல்ல’ என்று ஒரு வரி. அந்த ஒரு வரி, ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்துவிடும்.

நாம் கேட்கிறோம்: எடுக்கும்போது பார்த்தது யார்?

ஆள் எடுக்கும் திடலிலே நடப்பதை நம் இளைஞர்கள் அறிவார்கள். 1.6 கிலோமீட்டர் ஓட வேண்டும். ஓட்டத்துக்குக் கடிகாரம் பிடித்து மதிப்பெண். 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். கம்பியைப் பிடித்து உடலைத் தூக்க வேண்டும். நெஞ்சு 77 சென்டிமீட்டர். மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும். பல் எத்தனை, பார்வை எத்தனை, காது கேட்கிறதா, முழங்கால் முட்டுகிறதா, பாதம் தட்டையா என்று மாட்டுத் தாவணியிலே மாடு பிடிப்பவனைவிடக் கண்டிப்பாகப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். ‘பழுதில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டவர் அவர்களுடைய டாக்டர். பழுதில்லாமல் வாங்கிய பொருளைப் பழுதோடு திருப்பித் தருகிறபோது, பழுது உன்னுடையது என்று பொருளைப் பார்த்தே சொல்வது எந்தச் சந்தை நியாயம்?

இது நம்முடைய வாய்ச்சவடால் அல்ல. உச்ச நீதிமன்றத்தின் முடிவும் இதுவே. தரம்வீர் சிங் என்ற சிப்பாய் 1985இல் சிக்னல்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். ஒன்பது ஆண்டு சேவைக்குப் பிறகு, வலிப்பு நோய், 20 சதவிகித ஊனம் என்று கூறி, 1994 ஏப்ரலில் அவரை வெளியேற்றினர். ‘உடற்கூறால் வந்த நோய், பணிக்குச் சம்பந்தமில்லை’ என்றது மருத்துவக் குழு. ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. வழக்கு படியேறிப் படியேறி, 2013 ஜூலையிலே உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால், அவர் நல்ல உடலோடு சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னால் வந்த கேடு பணியால் வந்தது என்றே ஊகிக்க வேண்டும். அப்படியல்ல என்றால், அதை மெய்ப்பிக்க வேண்டியவர் சர்க்கார்; சிப்பாய் அல்ல. காரணம் கூறாமல் மருத்துவக் குழு தட்டிக்கழிக்கக் கூடாது.

1994இல் மூடிய கதவு 2013இல் திறந்தது. இடையே 19 ஆண்டுகள்! அந்தப் பத்தொன்பது ஆண்டும் அவர் போராடியதால்தான், அவருக்குப் பின்னால் வந்த பலர் அதே வாசல் வழியாக நுழைந்தனர். 2014இலும் 2015இலும் இதே நெறியை உச்ச நீதிமன்றம் மீண்டும் வலியுறுத்தியது. 2025 மே மாதத்திலே, மனநோய் என்று கூறி வெளியேற்றப்பட்ட ஒருவர் வழக்கிலே, காரணம் காட்டாத மருத்துவக் குழு முடிவு செல்லாது என்றும் கூறியது. மனநோய்க்கும் நியாயம் உண்டு என்பதை ஊர் ஒப்புக்கொள்ளு முன்பே நீதிமன்றம் ஒப்புக்கொண்டது.

ஆலைத் தோழர்களுக்கு இது புரியாத நியாயமா? பஞ்சாலையிலே பல்சக்கரத்தில் விரல் போனால், ‘உன் கவனக்குறைவு’ என்று முதலாளி சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1923ஆம் ஆண்டிலே தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் வந்தது. வேலையினாலும் வேலையின்போதும் உடல் கெட்டால் ஈடு தர வேண்டும். முதலாளியின் குற்றத்தைத் தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்ற நியாயம் ஏட்டில் ஏறியது. ஆலையிலே விரலுக்கு உள்ள நியாயம், எல்லையிலே உயிருக்கு இல்லாமற்போகுமா?

பிச்சையல்ல, பாக்கி

கணக்கைக் கொஞ்சம் விளங்கச் சொல்வோம். கணக்குத் தெரியாதவனைத்தான் கையேந்த வைப்பார்கள்.

உடல்தகுதி இல்லையென்று சர்க்காரே வெளியேற்றுகிறது. நோயோ காயமோ பணியால் விளைந்தது, அல்லது பணியால் மோசமடைந்தது என்று முடிவாகிறது. அப்படியானால் கிடைப்பது இரண்டு பகுதி. ஒன்று, சேவைக்கான பகுதி. மற்றொன்று, ஊனத்துக்கான பகுதி. நூறு சதவிகித ஊனம் என்றால், கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30 சதவிகிதம் ஊனப் பகுதியாக வரும். ஊனம் குறைந்தால் அதற்கேற்பக் குறையும். ஆனால் இப்படி வெளியேற்றப்படுகிறவருக்கு 1996 ஜனவரி முதல் ஒரு சலுகை வந்தது: 50க்குக் கீழே உள்ள ஊனத்தை 50 என்றும், 50 முதல் 75 வரை 75 என்றும், அதற்கு மேல் 100 என்றும் கொள்வது. ஆகவே 20 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்களே என்று மனமொடிந்து போகிறவன், அந்த 20, 50ஆகக் கணக்கிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று முடிவானவர் நிலை? பத்தாண்டு சேவை இல்லையென்றால் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிடுவது நெடுநாள் வழக்கம். 2020 ஜூலையிலே அது மாறிற்று. 2019 ஜனவரி 4ஆம் நாளிலோ அதற்குப் பிறகோ பணியில் இருந்தவர்களுக்கு, பத்தாண்டு நிறையாவிட்டாலும் இயலாமை ஓய்வூதியம் உண்டு என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. 2023 செப்டம்பர் 21 முதல் ஊனத்தின் உரிமை பற்றிய புதிய விதிகள் வந்திருக்கின்றன. அந்த நாளுக்கு முன் வெளியேறியவருக்கும் பின் வெளியேறியவருக்கும் விதி வேறு. ஆகவே, யாரோ சொன்னதைக் கேட்டுக்கொண்டு இராமல், தான் வெளியேறிய நாள் எது, தனக்குப் பொருந்தும் விதி எது என்று முதலில் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தாளிலே இருக்கிறது. ஆனால் தாளைக் கையிலெடுக்க, தலை நிமிர்ந்திருக்க வேண்டும். இங்கேதான் அந்தத் தேநீர்க் கடைக் கேள்வி தன் கொடுமையைக் காட்டுகிறது. வெட்கத்தினாலே அவன் டிரங்குப் பெட்டியைப் பூட்டி வைக்கிறான். பெட்டிக்குள்ளே இருப்பது பழைய உடுப்பு மட்டுமா? விடுவிப்புப் புத்தகம் இருக்கிறது. மருத்துவக் குழுவின் அறிக்கை இருக்கிறது. மேல்முறையீடு செய்யலாம் என்று கூறும் கடிதம் இருக்கிறது. பெட்டி பூட்டியபடி ஆண்டுகள் ஓடுகின்றன.

வெட்கத்துக்கு விலை உண்டா? உண்டு. தர்சேம் சிங் என்பவர் வழக்கைக் கேளுங்கள். 1983 நவம்பரிலே உடல்தகுதி காரணமாக வெளியேற்றப்பட்டவர். நீதிமன்றத்துக்கு வந்தது 1999இல். 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஓய்வூதியம் மாதாமாதம் தொடரும் உரிமை, ஆகவே தாமதம் அதை அடியோடு அழிக்காது; ஆனால் பழைய பாக்கி, வழக்குத் தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்றாண்டுக்கு மட்டுமே. பதினாறு ஆண்டிலே மூன்று ஆண்டு! மிச்சம் பதின்மூன்று ஆண்டுப் பாக்கி காற்றோடு போயிற்று. அவர் ஏன் தாமதித்தாரோ, அது அவருக்குத்தான் தெரியும். ஆனால் நம் தெருவிலே தாமதிக்கிறவன் ஏன் தாமதிக்கிறான் என்பது நமக்குத் தெரியும். நம்முடைய ஏச்சும் பேச்சுமே காரணம். அவன் வீட்டுச் சோற்றிலே மண் போட்டது டில்லி மட்டுமல்ல, தேநீர்க் கடைப் பலகையுந்தான்!

இன்னும் இளையவர்கள்

சீருடைக்குத் தோள்பட்டை நட்சத்திரம் ஏறு முன்பே வீழ்ந்தவர்களும் இருக்கின்றனர். அதிகாரிப் பயிற்சிக் கழகங்களிலே, பயிற்சியின்போதே முதுகெலும்பு முறிந்தோ தலையில் அடிபட்டோ வெளியேற்றப்பட்ட மாணவர்கள். ‘இன்னும் பணியில் சேரவில்லையே’ என்ற காரணத்தால் முன்னாள் படைவீரர் என்ற பெயர்கூட அவர்களுக்குக் கிட்டவில்லை. 2025 ஆகஸ்டிலே உச்ச நீதிமன்றம் தானாகவே இவர்கள் நிலையைக் கையிலெடுத்தது. அதே மாதம், முன்னாள் படைவீரர்களுக்கு உள்ள மருத்துவத் திட்டம் இவர்களுக்கும் உண்டு என்று சர்க்கார் அறிவித்தது. கேட்டால்தான் கிடைக்கும் என்பதற்கு இதைவிடப் புதிய சான்று வேண்டுமா?

2022இலே வந்த அக்னிவீரர் முறை வேறு. நான்காண்டுப் பணி; ஓய்வூதியம் இல்லை. பணியால் ஊனமுற்றால், 100 சதவிகிதத்துக்கு 44 இலட்சம், 75க்கு 25 இலட்சம், 50க்கு 15 இலட்சம் ரூபாய் என்று ஒரேமுறைத் தொகை. இருபத்திரண்டு வயதிலே சக்கர நாற்காலியில் அமர்கிறவனுக்கு முன்னே இன்னும் ஐம்பது ஆண்டு வாழ்வு கிடக்கிறது. ஒரேமுறைத் தொகை ஒரேமுறைதான் வரும். பசி தினமும் வரும். இந்த வேறுபாட்டைப் பட்டாளத்துக்குப் புறப்படும் பிள்ளைகளும், அனுப்பும் பெற்றோரும், நாமும் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும்.

தம்பிக்கு

இனி, திண்ணையிலே உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு நேராகவே நாலு வார்த்தை.

தம்பி! உன் சட்டையைத்தான் கழற்றிக்கொண்டார்கள். உன்னை அல்ல. ஒன்பது ஆண்டு நீ கற்றதை எந்த மருத்துவக் குழுவும் பிடுங்கிக்கொள்ள முடியாது. உன் சினம் நியாயமானது. உன் அழுகையும் நியாயமானது. வீரன் அழக்கூடாது என்று சொன்னவன், வீரனாக இருந்திராதவன். ஆனால் அந்தச் சினத்தைப் பெண்டாட்டி மேல் இறக்காதே. பிள்ளை மேல் இறக்காதே. பாட்டிலுக்குள்ளே புதைக்கவும் புதைக்காதே, புதைத்தது முளைக்கும்.

ஐந்து மணிக்கு விழிப்பு வருகிறதா? வரட்டும். அந்தப் பழக்கத்தை விடாதே. டாக்டர் எந்த அளவுக்கு அனுமதிக்கிறாரோ அந்த அளவுக்கு நட. பகலுக்கு ஒரு வேலையை வகுத்துக்கொள், சிறியதாக இருக்கட்டும். வலிப்புக்கும் அழுத்தத்துக்கும் கொடுத்த மாத்திரையை, ‘இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று நீயாக நிறுத்தாதே. இரவிலே தூக்கம் வராமல், பழைய சத்தங்கள் காதிலே கேட்டால், வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலை தூக்கினால், அதை மறைக்காதே. 14416 என்ற எண்ணிலே, சர்க்காரின் மனநல உதவித் தொலைபேசி இரவும் பகலும் இருக்கிறது, கூப்பிடு. உன்னோடு பட்டாளத்திலே இருந்தவனைக் கூப்பிடு. காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வெட்கப்படாதவன், மனத்துக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள ஏன் வெட்கப்பட வேண்டும்?

பிறகு, பெட்டியைத் திற. தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கு. மருத்துவக் குழு அறிக்கை இல்லையா? ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதிக் கேள். மதராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், சாப்பர்களுக்கு பெங்களூர், சிக்னல்ஸ் படைக்கு ஜபல்பூர். கொடுக்க மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்திருந்தால், அதிலே குறித்துள்ள கெடுவுக்குள் மேல்முறையீடு செய். அதுவும் தோற்றால், 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த படைத்துறைத் தீர்ப்பாயத்தின் கிளை சென்னையிலேயே இருக்கிறது. மாவட்டத் தலைநகரிலே முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே போய்ப் பெயரைப் பதிவு செய். பாதியில் வந்தவன் முன்னாள் படைவீரன் ஆவானா என்று ஐயப்படாதே. உடல்நலக் காரணத்தால் விடுவிக்கப்பட்டு, ஊன ஓய்வூதியமோ மருத்துவ ஓய்வூதியமோ பெறுகிறவனும் முன்னாள் படைவீரனே.

வேலையா? பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும் கடைநிலைப் பணிகளில் 24.5 சதவிகிதமும், அதற்கு அடுத்த நிலையில் 14.5 சதவிகிதமும் முன்னாள் படைவீரருக்கு ஒதுக்கீடு உண்டு. அதற்குள்ளே 4.5, ஊனமுற்ற முன்னாள் வீரருக்கும், போரில் மாண்டவர் குடும்பத்துக்கும். புனாவை அடுத்த கட்கியிலே, ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கற்பிக்க 1917இலேயே தொடங்கிய குயின் மேரி தொழிற்கூடம் இருக்கிறது. புனாவிலே செயற்கை உறுப்பு நிலையம் 1944 முதல் நடக்கிறது. முதுகெலும்பு முறிந்தவர்களுக்கென்று கட்கியிலே 1974 முதல் ஒரு மறுவாழ்வு இல்லம். உனக்கு முன்னே இந்த வழியிலே பலர் நடந்திருக்கின்றனர் என்பதற்குத்தான் இத்தனை ஆண்டுகளையும் சொல்கிறோம்.

அப்படி நடந்தவர்களுள் ஒருவர் முரளிகாந்த் பேட்கர். மராத்திய நாட்டவர். படையிலே குத்துச்சண்டை வீரர். 1965ஆம் ஆண்டுப் போரிலே குண்டுகள் பாய்ந்தன. இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போயிற்று. உடம்பு தேற நீந்து என்றார்கள். நீந்தினார். 1972இலே ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் நடந்த ஊனமுற்றோர் ஒலிம்பிக் போட்டியிலே, 50 மீட்டர் நீச்சலில் உலகச் சாதனையோடு தங்கம் வென்றார். அந்தப் போட்டிகளிலே இந்தியர் ஒருவர் பெற்ற முதல் தங்கம் அதுதான். நாடு அவரை நினைத்து பத்மஸ்ரீ கொடுத்தது எப்போது? 2018இலே! நாற்பத்தாறு ஆண்டு கழித்து! நாடு மறந்தபோதும் அவர் தன்னை மறக்கவில்லை. அதுதான் நீ கற்க வேண்டியது.

ஆனால் ஒன்று. எல்லோரும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. ‘அவரைப் பார், காலில்லாமல் தங்கம் வாங்கினார், உனக்கென்ன கேடு?’ என்று எவனாவது உன்னைக் குத்தினால், அவன் பேட்கரையும் அறியான், உன்னையும் அறியான். காலையிலே எழுந்து, மருந்து விழுங்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, ஒரு மனுவை எழுதி முடித்துப் படுக்கிறாயா? அந்த நாளுக்கு அதுவே வெற்றி.

நமக்கு

கடைசியாக, படிப்பகத்திலே கூடும் நம் தோழர்களுக்கு.

மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டாம். கூட்டம் போட்டு, மேடையேற்றி, அவன் நோயை ஒலிபெருக்கியிலே சொல்லவும் வேண்டாம். இரண்டு பேர் போதும். மாலையிலே அவன் வீட்டுக்குப் போங்கள். “ஏன் வந்துவிட்டாய்?” என்று கேட்காதீர்கள். “எப்படி இருக்கிறாய் தம்பி?” என்று கேளுங்கள். அவன் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் உடன் உட்காருங்கள். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ, அந்தப் பெட்டி திறக்கும். ஆங்கிலத்திலே இருக்கும் தாளைத் தமிழிலே படித்துச் சொல்லுங்கள். கெடு எந்த நாளிலே முடிகிறது என்று சுவர்க் காலண்டரிலே குறித்துக் கொடுங்கள். மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு நாள் உடன் போங்கள். ஒரு நாள் கூலி போகும், போகட்டும். படிப்பகக் கணக்கு எழுதவும், இளைஞருக்கு ஓட்டமும் ஒழுங்கும் கற்பிக்கவும் அவனைக் கூப்பிடுங்கள். இரக்கத்துக்காக அல்ல. அவனைவிட நன்றாக அதைச் செய்ய நம்மில் ஆளில்லை என்பதற்காக.

தேநீர்க் கடையிலே அந்தக் கேள்வி மீண்டும் எழும். “என்ன தப்புச் செய்தானாம்?” என்று எவனாவது கேட்பான். அப்போது பேசாமல் இருக்காதீர்கள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லுங்கள்:

“தப்பு அவன் செய்யவில்லை. முழு உடம்போடு நாம் அனுப்பினோம். பாதி உடம்போடு வந்திருக்கிறான். மீதிப் பாதியை நாட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். அந்தப் பாக்கியைக் கேட்கப் போகிறோம், நீயும் வருகிறாயா?”